பட்டா யார் பேர்ல, குடியிருக்கறது யாரு: ஒரு ஐபி லுக்கப் டூலுக்கு விளக்கம் எழுதின கதை

தைப்பூசம் அன்னிக்கு மொரிஷியஸ்ல அரசு விடுமுறை. இங்க யாரும் தைப்பூசம்னு சொல்ல மாட்டாங்க, காவடின்னே தான் சொல்லுவாங்க, கிரியோல் பேசற பக்கத்து வீட்டுக்காரங்க கூட அப்படித்தான். எங்க டீம்ல இருக்கற உள்ளூர் தமிழ் ஆளுங்க பத்து நாள் விரதம் இருந்து அன்னிக்கு காலைல ஆத்தங்கரையிலேர்ந்து காவடி எடுத்துட்டு கோயிலுக்குப் போயிருந்தாங்க, நான் எபென்ங்கற ஊர்ல ஆபீஸ்ல டூட்டி. திருநெல்வேலிலேர்ந்து வந்து இங்க ஆறு வருஷம் ஆச்சு, எல்லா வருஷமும் சாயங்காலம் கோயிலுக்குப் போயி ஏழு கறி சாப்பாடு சாப்பிட்டுட்டு வருவேன், அந்த வருஷம் போக முடியல. ஏன் போக முடியலங்கறது தான் இந்தக் கட்டுரை.

எங்க வேலை ஹோட்டல்களுக்கு ரூம் புக்கிங் சிஸ்டம் ஓட்டறது. லாகின் பக்கத்தை யாராவது தட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா அதை கவனிக்க ஒரு ஏஐ ஏஜெண்ட் வச்சிருக்கோம். அது லாக் (யாரு எப்ப எங்கேர்ந்து வந்தாங்கங்கற பதிவு) படிக்கும், சந்தேகமா ஒரு ஐபி (இன்டர்நெட் முகவரி எண்) கண்ணுல பட்டா நாங்க எழுதிக் குடுத்த டூலைக் (சின்ன ப்ரோக்ராம்) கூப்பிட்டு அந்த ஐபி யாருதுன்னு விசாரிக்கும், அப்புறம் என்ன பண்ணலாம்னு ஒரு பரிந்துரை எழுதும், டூட்டில இருக்கறவர் ஓகே குடுத்தா தான் ஃபயர்வால்ல (வேண்டாத இணைப்பைத் தடுக்கற வேலி) ரூல் ஏறும். அன்னிக்கு பதினோரு மணி வாக்குல ஒரு ஐபிலேர்ந்து ஒரு நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல லாகின் முயற்சி. ஏஜெண்ட் டூலைக் கூப்பிட்டுச்சு, பதில் வந்துச்சு, பரிந்துரை வந்துச்சு: தாக்கறவரோட ரேஞ்ச் இன்னதுலேர்ந்து இன்னது வரைக்கும், முழு ரேஞ்சையும் பிளாக் பண்ணலாம். நான் ஓகே அழுத்தினேன்.

அந்த ரேஞ்ச்ல 65,536 முகவரி இருந்துச்சு. இந்தத் தீவுல இன்டர்நெட் குடுக்கற ஒரு கம்பெனிக்கு மொத்தமா ஒதுக்கின பிளாக் அது, ஏதோ ஒரு வீட்டு ரவுட்டர் வைரஸ் புடிச்சு எங்க கதவைத் தட்டிட்டு இருந்திருக்கு, அதே பிளாக்ல தான் எங்க மூணு ஹோட்டலோட ரிசப்ஷன் லைனும் இருந்திருக்கு. நாப்பது நிமிஷம் அந்த மூணு ஹோட்டல்லயும் செக்-இன் பண்ண முடியல. விடுமுறை நாள், ஏர்போர்ட்லேர்ந்து வந்த குடும்பங்க குழந்தைங்களோட லாபில உக்காந்திருந்தாங்க, ஒரு ரிசப்ஷன் பொண்ணு போன்ல என்கிட்ட அழாத குறையா பேசினது இன்னும் காதுல இருக்கு.

ரூலை எடுத்துட்டு, சாயங்காலம் உக்காந்து என்ன ஆச்சுன்னு பாத்தா, டூல் சொன்னதுல ஒரு எழுத்து கூட தப்பு இல்ல. ஏஜெண்டும் குடுத்த தகவலை வச்சு தான் யோசிச்சிருக்கு. தப்பு இருந்த இடம் நடுவுல, டூலுக்கு நாங்க எழுதி வச்சிருந்த விளக்கத்துல. அது ரெண்டே வரி. "நெட்வொர்க் எண்ட்பாயிண்ட் பத்தின தகவலைத் தேடித் தரும். ஓனரும் ரேஞ்சும் வரும்." அவ்வளவு தான். ஓனர்னா யாரு, ரேஞ்ச்னா எது, ஒண்ணுமே இல்ல. படிச்சவங்க எப்படி எடுத்துப்பாங்க? ஓனர்னா தாக்கறவர், ரேஞ்ச்னா அவரோட ரேஞ்ச். நான் புதுசா வேலைக்கு வந்தவனா இருந்தா நானும் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், ஏஜெண்டுக்கு டூல் எழுதாதவங்களுக்காக. 2024 நவம்பர்ல எம்சிபின்னு ஒரு பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக்ங்கற ஏஐ கம்பெனி வெளியிட்டாங்க, ஏஐ மாடலுக்கும் டூலுக்கும் நடுவுல பேச்சு எப்படி நடக்கணும்ங்கறதுக்கு. அதுல ஒரு டூல் தன்னை அறிமுகப்படுத்திக்கறது முக்கியமா மூணு விஷயத்தால: பேரு, விளக்கம், என்ன இன்புட் வாங்கும்ங்கற ஸ்கீமா. மாடல் ஒரு டூலைக் கூப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற நேரத்துல அது கண்ணு முன்னாடி இருக்கறது இது தான். நம்மள மாதிரி பக்கத்து சீட்டுல இருக்கறவர்கிட்ட "அண்ணே இந்த ஃபீல்டு என்னது?"ன்னு கேக்க அதுக்கு வழி இல்ல, டூலோட ப்ரோக்ராமைத் திறந்து பாக்கறதும் பெரும்பாலும் கிடையாது. நாம மனுஷங்களுக்கு எழுதற டாக்குமெண்டேஷன் படிக்காம கூட வேலை நடந்துடும், தட்டித் தடவி கத்துப்பாங்க. ஏஜெண்டுக்கு எழுதற நாலு வரி தான் அதுக்கு முழு உலகமும். அதனால தான் அந்த ரெண்டு வரியை நினைச்சா எனக்கு அவ்வளவு வருத்தமா இருந்துச்சு, எழுதினது நான் தான்.

மறுநாள் திருப்பி எழுத உக்காந்தேன். முதல்ல எனக்கே ஒழுங்கா புரியணும், ஒரு ஐபியைக் குடுத்து தேடினா வர்ற பதில் உண்மைல எதைச் சொல்லுது?

எங்க ஊர்ல தாத்தா பேர்ல ஒரு வயக்காடு உண்டு. பட்டா தாத்தா பேர்ல, அவர் போயி வருஷக்கணக்காச்சு, இன்னும் மாத்தல. உழறது வேற ஒருத்தர், குத்தகைக்கு. ஓரத்துல ரெண்டு சென்ட்ல குடிசை போட்டு இருக்கறது இன்னொரு குடும்பம். கிணறு மூணு பேருக்கும் பொது. யாராவது தாலுகா ஆபீஸ்ல போயி பட்டா எடுத்துப் பாத்தா தாத்தா பேரும் மொத்த பரப்பளவும் வரும். அது பொய் இல்ல. ஆனா அந்த வயல்லேர்ந்து ஒருத்தர் கல்லெறிஞ்சா "தாத்தா தான் எறிஞ்சாரு, மொத்த வயலையும் வேலி போட்டு அடைங்க"ன்னு சொன்னா என்ன அர்த்தம்? எங்க ஏஜெண்ட் பண்ணினது அது தான், ஏன்னா பட்டாவுக்கும் குடியிருப்புக்கும் வித்தியாசம் உண்டுன்னு நாங்க அதுக்குச் சொல்லவே இல்ல.

ஐபி முகவரிக்கு இந்த தாலுகா ஆபீஸ் மாதிரி உலகத்துல அஞ்சு இருக்கு, கண்டத்துக்கு கண்டம் பிரிச்சு. ஆப்பிரிக்காவுக்கு உண்டானது ஆஃப்ரினிக், அதுக்கு 2005ல அங்கீகாரம் கிடைச்சது, அதோட தலைமை ஆபீஸ் இருக்கறது எங்க எபென்ல தான். தினமும் மத்தியானம் தால் பூரி வாங்க நடக்கற தெருவுக்குப் பக்கத்துல ஆப்பிரிக்கா முழுக்க உள்ள முகவரிகளோட பதிவேடு இருக்குன்னு வந்த புதுசுல கேட்டப்ப எனக்கு மெய் சிலிர்த்துச்சு, இப்பவும் அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாப்பேன். ஆசியாவுக்கு ஏப்னிக், ஐரோப்பாவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் ரைப், வட அமெரிக்காவுக்கு ஆரின், தென் அமெரிக்கா பக்கம் லேக்னிக்.

பழைய காலத்துல இந்தப் பதிவேட்டைக் கேக்கற வழி ஹூயிஸ். 1982லயே அதுக்கு ஆர்எஃப்சி (இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) வந்துடுச்சு. 43ஆம் போர்ட்ல (சர்வரோட வாசல் எண் மாதிரி) போயி கேள்வியை ஒரு வரியா எழுதினா பதில் வெறும் எழுத்தா வரும், ஒவ்வொரு பதிவேடும் ஒவ்வொரு மாதிரி எழுதும், அதை ப்ரோக்ராம் வச்சு படிக்கறது நரக வேதனை. அதுக்கு மாத்தா 2015ல ஆர்டேப் வந்துச்சு. சாதாரண வெப் மாதிரி கேள்வி, ஜேசன்ல (ப்ரோக்ராம் சுலபமா படிக்கற எழுத்து வடிவம்) பதில், எந்தப் பதிவேட்டைக் கேக்கணும்ங்கறதுக்கு ஐயானா (இந்த அஞ்சு ஆபீசுக்கும் மேல இருக்கற அமைப்பு) ஒரு பட்டியல் வச்சிருக்கு, அதைப் பாத்து சரியான ஆபீசுக்குப் போயிடலாம். டாட் காம் மாதிரி பொது டொமைன்களுக்கு 2025 ஜனவரி 28லேர்ந்து ஆர்டேப் தான் அதிகாரபூர்வ வழி, ஹூயிஸ் வைக்கணும்ங்கற கட்டாயம் போச்சு. நாட்டு டொமைன்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அதனால சிலது இன்னும் பழைய வழில தான். எங்க டூல் உள்ளுக்குள்ள ஆர்டேப் கேக்குது, கூடவே டிஎன்எஸ்ல (பேரையும் முகவரியையும் இணைக்கற பட்டியல்) அந்த ஐபிக்கு என்ன பேரு இருக்குன்னும் பாக்குது.

ஆர்டேப்ல ஒரு ஐபியைக் கேட்டா, அந்த ஐபியை உள்ளடக்கின பதிவு எதுவோ அதுல ஆகச் சின்னதை குடுக்கும். ஆகச் சின்னதுன்னதும் நாலு முகவரி, எட்டு முகவரின்னு நினைக்க வேண்டாம். கம்பெனி தன்னோட வாடிக்கையாளருக்குப் பிரிச்சுக் குடுத்ததைப் பதிவு பண்ணியிருந்தா சின்ன துண்டு வரும், பண்ணலன்னா மொத்த பிளாக்கும் வரும். ஸ்டார்ட் அட்ரஸ், எண்ட் அட்ரஸ்னு ரெண்டு ஃபீல்டு வருதே, அது பட்டாவுல இருக்கற பரப்பளவு. அதுல எவ்வளவு பேரு குடியிருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. இது போதாதுன்னு ஒரே வெளி முகவரிக்குப் பின்னாடி நூத்துக்கணக்கான வீடுகளை வைக்கற பழக்கமும் உண்டு, மொபைல் நெட்வொர்க்ல அது சர்வ சாதாரணம், ஒரு ஐபியை மட்டும் பிளாக் பண்ணினா கூட தெருவையே அடைச்ச மாதிரி ஆயிடலாம்.

நாட்டு ஃபீல்டு இன்னொரு பள்ளம். பதிவுல நாடு மொரிஷியஸ்னு இருந்தா மெஷின் மொரிஷியஸ்ல இருக்குன்னு அர்த்தம் இல்ல. பதிவு பண்ணின நிறுவனம் இங்க பதிவாகியிருக்கலாம், மெஷின் ஹாங்காங்ல ஓடலாம். இங்க வெளிநாட்டு நிறுவனங்கள் பேருக்குப் பதிவு பண்றது எவ்வளவு சகஜம்னு இந்த ஊர்ல வேலை பாக்கற யாருக்கும் சொல்லத் தேவையில்ல. ஏஜெண்டுக்குச் சொல்லணும்.

இவ்வளவும் புரிஞ்சு ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி முடிச்சேன், சந்தோஷமா இருந்துச்சு, எங்க டீம்ல இருக்கற அக்காகிட்ட குடுத்தேன்.

அக்கா இந்த மண்ணு. அவங்க கொள்ளுத் தாத்தா காலத்துல வந்த குடும்பம், வீட்டுல பேசறது கிரியோல், ஆபீஸ்ல ஃப்ரெஞ்சும் இங்கிலீஷும், தமிழை மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல ஆசைப்பட்டு படிச்சாங்க. அதனால அவங்க பேசறது புத்தகத் தமிழ். "தம்பி, இதன் பொருள் என்ன?"ன்னு தான் கேப்பாங்க. நான் வேகமா நெல்லைத் தமிழ்ல பேசினா நிறுத்தி, "மெதுவாகச் சொல்லுங்கள்"ம்பாங்க. ஒரு மொழியைப் பொறந்ததுலேர்ந்து கேக்காம, ஒவ்வொரு சொல்லா சம்பாதிச்சவங்க படிக்கற விதமே தனி. நமக்கு இடைவெளியை மனசு தானா ரொப்பிக்கும், அவங்களுக்கு எழுத்துல இருக்கறது மட்டும் தான் கணக்கு. நான் இங்கிலீஷ்ல எழுதின விளக்கத்தையும் அதே மாதிரி தான் படிச்சாங்க, பென்சிலை வச்சுக்கிட்டு, சொல்லுக்குச் சொல்.

முதல் வரிலயே நின்னாங்க. "எண்ட்பாயிண்ட் என்றால் எது? நம் ஏபிஐ ஆட்கள் யூஆர்எல்லை எண்ட்பாயிண்ட் என்கிறார்கள். செக்யூரிட்டி ஆட்கள் லேப்டாப்பை எண்ட்பாயிண்ட் என்கிறார்கள். நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?"

எனக்குப் பதில் வரல. பத்து வருஷமா தினமும் சொல்ற சொல்லு, எங்க நெட்வொர்க் ஆளுங்களையும் சேத்தா மூணு கூட்டத்துக்கு மூணு அர்த்தம், இதுல எதுன்னு நான் எங்கயும் எழுதல. லாகைப் போயி பாத்தா ஏஜெண்ட் சில நேரம் முழு யூஆர்எல்லையே டூலுக்கு அனுப்பியிருக்கு, சில நேரம் ஐபிக்குப் பின்னாடி கோலன் போட்டு போர்ட் நம்பரோட, சில நேரம் ஊழியரோட லேப்டாப் பேரை. டூல் எல்லாத்துக்கும் "கிடைக்கவில்லை"ன்னு ஒரே பதில். ஏஜெண்ட் அதைப் படிச்சுட்டு "இந்த முகவரி எங்கயும் பதிவாகல, சந்தேகத்துக்குரியது"ன்னு எழுதியிருக்கு! எங்க சொந்த ஊழியரோட லேப்டாப்பை!

அன்னிக்கே மாத்தினோம். இப்ப விளக்கமே, எண்ட்பாயிண்ட்னா இங்க ஒரு பொது ஐபி முகவரி இல்லாட்டி ஒரு டொமைன் பேரு, யூஆர்எல்லோ போர்ட்டோ உள் நெட்வொர்க் மெஷின் பேரோ இல்லன்னு சொல்லுது. பத்துல ஆரம்பிக்கறது, 192.168ல ஆரம்பிக்கறது, 172.16லேர்ந்து 172.31 வரைக்கும், இந்த உள் முகவரிகளை 1996லயே தனியா ஒதுக்கி வச்சுட்டாங்க, அதையெல்லாம் வெளிப் பதிவேட்டுல தேடறதுல அர்த்தமே இல்ல. இப்ப அதைக் குடுத்தா டூல் வெளிய போயி கேக்காது, "இது உள் நெட்வொர்க் முகவரி, உங்கள் சொந்தப் பட்டியலில் பாருங்கள்"னு திருப்பி அனுப்பும். தப்பா குடுத்தா எப்படிச் சரி பண்ணணும்னு அந்த பதில்லயே இருக்கணும், அதுவும் டாக்குமெண்டேஷன் தான்னு எனக்கு அப்ப தான் உறைச்சது. விளக்கத்தை ஏஜெண்ட் ஒரு தடவை படிக்கும், எரர் மெசேஜை மாட்டிக்கிட்ட இடத்துல படிக்கும்.

ரெண்டாவது, ஓனர். "இதில் ஓனர் என்று இருக்கிறதே, அப்படியானால் அந்த மெஷின் அவர்களுடையதா?" இல்லக்கான்னேன். "பிறகு ஏன் ஓனர் என்று எழுதுகிறீர்கள்?" நியாயம் தான. விளக்கத்துல பத்து வரி எழுதி "ஓனர்னா ஓனர் இல்ல"ன்னு சொல்றதை விட ஃபீல்டு பேரையே மாத்தலாம். 'ரெஜிஸ்டர்டு டு'ன்னு மாத்தினோம், யார் பேர்ல பதிவுன்னு. நாட்டை 'ரெஜிஸ்ட்ரேஷன் கன்ட்ரி'ன்னு. ரேஞ்சை 'ரெஜிஸ்டர்டு பிளாக்'னு, அதோட புதுசா ஒரு ஃபீல்டு, அந்த பிளாக்ல எத்தனை முகவரி இருக்குன்னு எண்ணா. பேரு சரியா இருந்தா விளக்கம் பாதியா சுருங்குது.

மூணாவது விஷயத்துல எங்களுக்குள்ள கொஞ்சம் வாக்குவாதம். முகவரி எண்ணிக்கையை நான் பதில்ல கடைசியா வச்சிருந்தேன், அக்கா முதல்ல வரணும்னாங்க. ஜேசன்ல எந்த வரிசைல இருந்தா என்னக்கா, மெஷின் தான படிக்குதுன்னேன். அக்கா பர்ஸைத் திறந்து ஒரு ரூபா நோட்டை மேசைல வச்சாங்க. மொரிஷியஸ் நோட்டுல தமிழ் இருக்கு, தமிழ் எண்ணும் இருக்கு, நம்ம ஊர்ல கூட பாக்க முடியாத தமிழ் எண். இங்கிலீஷ், அடுத்து தமிழ், அடுத்து ஹிந்தின்னு தான் காலங்காலமா வரிசை. 1998ல புது நோட்டு அடிச்சப்ப தமிழும் ஹிந்தியும் இடம் மாறி வந்துச்சு, எழுத்து எதுவும் குறையல, வரிசை மட்டும் மாறினது. தமிழ் ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க, கடைசில மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கிட்டு பழைய வரிசைல புதுசா அடிச்சுது. அக்காவுக்கு அது சின்ன வயசு ஞாபகம், அவங்க அப்பா ஊர்வலத்துக்குப் போனவர். "வரிசையும் ஒரு செய்தி தான், தம்பி"ன்னாங்க.

நான் அதுக்கு மேல பேசல. தொழில் ரீதியாவும் அவங்க சொன்னது சரி, ஆர்டேப் பதில் ரொம்ப நீளம், தொடர்பு விவரங்களை ஜேகார்டுங்கற வடிவத்துல அடுக்குக்குள்ள அடுக்கா குடுக்கும், அது நடுவுல முக்கியமான எண் தொலைஞ்சு போகுது. இப்ப அந்த எண்ணிக்கை தான் பதிலோட முதல் வரி. ஜேகார்டை முழுசா அனுப்பறதையே நிறுத்திட்டோம், புகார் அனுப்ப வேண்டிய முகவரி மட்டும் போகும், தனி மனுஷங்க பேரு போகாது. அந்தப் புகார் முகவரிக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருந்துச்சு: இது தாக்கினவரோட முகவரி இல்ல, அந்த நெட்வொர்க்கை நிர்வாகம் பண்றவங்க புகார் வாங்கற முகவரி. முன்னாடி ஒரு தடவை ஏஜெண்ட் அந்த முகவரிக்கு "உங்கள் தாக்குதலை உடனே நிறுத்துங்கள்"னு மெயில் எழுதி வச்சிருந்துச்சு, நல்ல வேளை அனுப்பல.

அடுத்தது "கிடைக்கவில்லை". இந்த ஒரு சொல்லுக்காக நான் ரெண்டு நாள் செலவழிச்சேன், அது வீண் இல்ல. பதிவேடு 404 சொன்னா அங்க அப்படி ஒரு பதிவு இல்ல. 429 சொன்னா நாம ரொம்ப வேகமா கேக்கறோம், கொஞ்சம் பொறுன்னு அர்த்தம். நேரம் தாண்டிப் போச்சுன்னா பதிவேடு பதிலே சொல்லல. தீவுல இருக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும், கடலுக்கு அடில போற கேபிள் தான் எங்களுக்கு உலகம், தென்னாப்பிரிக்காவுலேர்ந்து ரீயூனியன், மொரிஷியஸ் வழியா கொச்சிக்குப் போயி மலேசியா வரைக்கும் ஓடற சேஃப் கேபிள் 2002லேர்ந்து இருக்கு, 2021ல மெட்டிஸ் வந்துச்சு, இதுல எதுலயாவது பழுதுன்னா இங்க எல்லாமே மெதுவாயிடும். அந்த மாதிரி நாள்ல எங்க டூல் "கிடைக்கவில்லை"ன்னு சொன்னா அது முகவரியைப் பத்தின செய்தி இல்ல, எங்க லைனைப் பத்தின செய்தி. மூணையும் ஒரே சொல்லுல போட்டு அனுப்பியிருந்தோம். இப்ப மூணு தனி நிலை: பதிவு இல்லை, கேட்க முடியவில்லை, பிறகு கேளுங்கள். விளக்கத்துல ஒரு வரி தடிச்ச எழுத்து மாதிரி: கேட்க முடியாததை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உதாரணம் குடுக்கறதுலயும் ஒரு பாடம் கிடைச்சுது. பழைய ஸ்கீமாவுல இன்புட்டுக்கு உதாரணமா எங்க வாடிக்கையாளர் ஒருத்தரோட நிஜ ஐபியைப் போட்டிருந்தோம், கைக்கு வந்ததை. ஒரு வாரத்து லாகை எடுத்துப் பாத்தா அந்த ஐபியை ஏஜெண்ட் காரணமே இல்லாம திரும்பத் திரும்பத் தேடியிருக்கு. லாக்ல முகவரி தெளிவா இல்லாத நேரமெல்லாம் உதாரணத்துல இருந்ததை எடுத்துப் போட்டிருக்கு. அப்பாவியான ஒரு வாடிக்கையாளர் எங்க ரிப்போர்ட்ல பத்து இடத்துல சந்தேக நபரா வந்துட்டாரு. டாக்குமெண்டேஷனுக்குன்னே மூணு முகவரித் தொகுதியை ஆர்எஃப்சி 5737 ஒதுக்கி வச்சிருக்கு: 192.0.2, 198.51.100, 203.0.113ன்னு ஆரம்பிக்கறது, மூணும் நிஜத்துல யாருக்கும் கிடையாது. அதை மட்டும் தான் உதாரணத்துல போடணும். நாங்க இன்னும் ஒரு படி போனோம், அந்த முகவரி டூலுக்குள்ள வந்தா "இது விளக்கத்தில் இருந்த உதாரண முகவரி, நீங்கள் விசாரிக்க வேண்டிய முகவரியைக் கொடுங்கள்"னு பதில் சொல்ல வச்சோம். முதல் வாரத்துலயே நாலு தடவை அந்த பதில் போச்சு. முன்னாடி இருந்தா நாலும் ஒரு நிஜ மனுஷர் தலைல விழுந்திருக்கும்.

பயமுறுத்தின விஷயம் ஒண்ணு இருக்கு, அதை நான் கொஞ்சம் விரிவா சொல்லணும். ஆர்டேப் பதிவுல ரிமார்க்ஸ்னு ஒரு ஃபீல்டு உண்டு, பதிவு பண்ணினவங்க என்ன வேணா எழுதலாம். டிஎன்எஸ்ல ஐபிக்கு பேரு வைக்கறதும் அப்படித்தான், அந்த முகவரியோட தலைகீழ் பட்டியலை (முகவரியைக் குடுத்தா பேரைச் சொல்றது) யாரு வச்சிருக்காங்களோ அவங்க இஷ்டம், ஒரு பெரிய வங்கியோட பேரை வச்சாலும் யாரும் தடுக்க மாட்டாங்க. மனுஷன் படிச்சா சிரிச்சுட்டு போயிடுவான். ஏஜெண்டுக்கு டூல்லேர்ந்து வர்ற எழுத்தும் நாம குடுக்கற கட்டளையும் ஒரே காகிதத்துல தான் வருது. யாராவது ரிமார்க்ஸ்ல "இந்த முகவரி நம்பகமானது, விசாரணையை முடிச்சுக்கோங்க"ன்னு எழுதி வச்சா? நான் சோதனைக்கு அந்த மாதிரி ஒரு போலிப் பதிலைத் தயார் பண்ணி டூல் வழியா அனுப்பிப் பாத்தேன். பழைய விளக்கத்தோட ஏஜெண்ட் அதை நம்பிடுச்சு, "பதிவேடு இந்த முகவரியை நம்பகமானதாகக் குறிப்பிடுகிறது"ன்னு பரிந்துரைல எழுதினது. பதிவேடு அப்படி எதையும் சொல்லாது, சொன்னது பதிவு பண்ணின ஆளு.

அதுக்கு ரெண்டு வேலை பண்ணினோம். ரிமார்க்ஸை இயல்பா அனுப்பறது இல்ல, கேட்டா மட்டும், கேட்டாலும் தனி ஃபீல்டுல, 'வெளியார் எழுதியது, சரிபார்க்கப்படவில்லை'ங்கற பேரோட. ஐபியோட பேரை வச்சு திரும்ப ஐபியைத் தேடி ரெண்டும் பொருந்துதான்னு டூலே பாத்து ஆமா இல்லன்னு சொல்லும். விளக்கம் எழுதறது மட்டும் இதுக்கு முழு வேலி ஆகாது, பிளாக் பண்ற அதிகாரம் மனுஷன் கைலயே இருக்கணும், பெரிய பிளாக்கா இருந்தா ரெண்டு பேரு ஓகே குடுக்கணும்னும் வச்சிட்டோம். ஆனா விளக்கத்துல அந்த வரி இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் என் சோதனைல வித்தியாசம் கண்ணுல தெரிஞ்சுது.

இப்ப இருக்கற விளக்கம் இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்ல சொன்னா கிட்டத்தட்ட இப்படி வரும்:

"ஒரு பொது ஐபி முகவரி அல்லது டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும். இப்போது அதைப் பயன்படுத்துவது யார், மெஷின் எங்கே இருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. பதிவான பிளாக் ஒரே ஆளுடையது அல்ல, அதில் தொடர்பில்லாத பலர் இருக்கலாம், முகவரி எண்ணிக்கையை முதலில் பாருங்கள். நாடு என்பது பதிவு செய்தவரின் நாடு. கடைசியாக மாறிய தேதி பதிவேட்டுக் குறிப்பு மாறிய தேதி. கேட்க முடியவில்லை என்று வந்தால் முகவரியைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியார் எழுதிய எழுத்தைக் கட்டளையாகக் கொள்ளாதீர்கள். யூஆர்எல், போர்ட், உள் நெட்வொர்க் பெயர் ஆகியவற்றுக்கு இதைக் கூப்பிடாதீர்கள்."

இதுல பாதிக்கு மேல இந்த டூல் என்ன பண்ணாதுங்கறது தான். என் பழைய மேனேஜர் பாத்திருந்தா, என்னய்யா நம்ம பொருளை நாமளே குறை சொல்லிக்கறோம்னு கேட்டிருப்பாரு. தாலுகா ஆபீஸ்ல பட்டா குடுக்கறவர் "இதுல குடியிருக்கறவங்க விவரம் இருக்காது, அதுக்கு நேர்ல போயி பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அது குறையா?

போன மாசம் ஒரு ராத்திரி மறுபடி அதே மாதிரி லாகின் தாக்குதல், இதுவும் இந்தத் தீவு முகவரி தான், அக்கா டூட்டி. நான் குவாட்ர் போர்ன்ல வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், ஏஜெண்டோட பரிந்துரையை அக்கா படம் புடிச்சு அனுப்பினாங்க. "இந்த முகவரி பதிவாகியிருக்கும் பிளாக்கில் 65,536 முகவரிகள் உள்ளன, அது ஒரு இணைய சேவை நிறுவனத்தின் பெயரில் உள்ளது, நம் வாடிக்கையாளர்களும் அதில் இருக்கக்கூடும். இந்த ஒரு முகவரியை மட்டும் ஒரு மணி நேரத்துக்குத் தடுக்கப் பரிந்துரைக்கிறேன்." நான் தட்டை வச்சுட்டு ரெண்டு தடவை படிச்சேன்.

கீழ அக்கா பென்சில் கேள்வி ஒண்ணும் சேர்த்து அனுப்பியிருந்தாங்க: "தம்பி, ஐபிவி6 வந்தால்? அங்கே ஒரு வீட்டுக்கே கோடிக்கணக்கில் முகவரி உண்டல்லவா? எண்ணிக்கையைப் பார்த்து ஏஜெண்ட் பயந்துவிடாதா?" ஆமா, ஐபிவி6ங்கறது ரொம்ப நீளமான எண் வச்ச புது வகை முகவரி, அங்க ஒரே ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கு சாதாரணமா குடுக்கற துண்டுலயே இரண்டின் 64ஆம் அடுக்கு அளவுக்கு முகவரி. அங்க ஒரு முகவரியை மட்டும் தடுத்தா ஆளு அடுத்த நிமிஷம் அதே வீட்டுலேர்ந்து வேற முகவரில வருவான், எண்ணிக்கை பெருசுன்னு தயங்கினா தடுக்கவே முடியாது. பதிலோட முதல் வரியா வச்ச எண்ணிக்கை அங்க தலைகீழா போயிடும். அந்தப் பகுதியை இன்னும் எழுதல, திங்கக்கிழமை அக்காவோட உக்காரணும்.